வெளி யூனிட்

கூத்தாநல்லூர். பூசாத சுவரில்
தச்சன் பென்சிலால் கணக்குப் போடுகிறார்
தஞ்சாவூர் ஏசி எஞ்சினியர் தமிழ்மாறன்.
மேற்குச் சுவருக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு.
"ஆளுக்கும் ஒரு சூடு உண்டு மேடம்.
எத்தனை பேர் இருப்பீங்க?"

"பத்துன்னு போடச் சொல்லு"
போன் திரையில் குவைத்திலிருந்து மச்சான்.
மூன்று என்றேன் நான்.
பென்சில் சற்று நின்று
ஆறு என்று எழுதியது.

பதினோரு டன்.
குழாய் போக ஓரடி கூரை இறங்கும்.
மும்முனை மின்சாரம் வேண்டும்,
வயலுக்கே முறைவைத்து வருவது.
இரண்டு கம்பெனி, மூன்று விலை.
சத்தமே வராததுதான் எல்லாவற்றிலும் அதிகம்.

"வெளி யூனிட் எங்கே வைக்க?"
இத்தனை கனம் மாடி தாங்காது.
வாசல் பக்கம் வைத்தால் வீட்டு முகம் கெடும் என்கிறது குவைத்.
மீதி கிழக்கு.
மூன்றடிச் சந்து, அதற்கு அப்பால்
ஜெய்புன்னிசா ராத்தாவின் அடுப்படி ஜன்னல்.
நோன்பு மாதம் முழுக்க
கஞ்சித் தூக்கு கைமாறும் வழி.

ஜன்னலைத் திறந்துபோட்டு
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
"எத்தனை ரூம் குளிருமாம் புள்ள?"

சித்திரை. வெண்ணாற்றில் மணல் காய்கிறது.
இயந்திரம் தினம் குடம் குடமாய்
தண்ணீர் வடிக்குமாம், செடிக்கு விடலாமாம்.
அனலை எதற்கு விடலாம்
என்று அவரும் சொல்லவில்லை.

"படுக்கை ரூம் ரெண்டுக்கு மட்டும் போட்டா
மாடி தாங்குமா?"
"தாங்கும். ஆனா..."
மச்சான் ஏதோ சொல்ல வாய் திறந்தார்.
திரை அப்படியே உறைந்தது.

நாளை கொத்தனார் வருகிறார்.
பதினோரு டன்னுக்கு மேல்
பூச்சு விழும்.