செவ்வாய்க்கிழமை ஐந்து டாலர்

கான்சாஸில் ஜூன் மாதம்
பகல் இரண்டு மணிக்குத் தார் ஓடு
பூட்ஸின் அடித்தோலைக் கேட்கும்.
அதற்குமேலும் கூரையில் நிற்பவன்
ஒன்று கடன்காரன், இல்லை புதியவன்.
நான் ஏணியை மடக்கிவிட்டு
சலைனா தியேட்டருக்குப் போய்விடுவேன்.
செவ்வாய்க்கிழமை எந்தப் படமும் ஐந்து டாலர்.
குளிருக்கு நாலு, கதைக்கு ஒன்று
என்பது என் கணக்கு.

முதல் படத்தில் ஒரு நகரம் அழிந்தது.
மலையளவு இயந்திர நண்டு
தெருத்தெருவாகக் கூரை பிய்த்துத் தின்றது.
எல்லாரும் கைதட்டினார்கள்,
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாலாயிரம் வீடு தேறும்,
குப்பை அள்ளுவது தனி.
அடுத்த காட்சியில் கதாநாயகி காபி குடிக்கிறாள்,
அவள் தோளுக்குப் பின்னால்
எல்லாக் கூரையும் முழுசாக நிற்கிறது.
யார் வேய்ந்தது? எப்போது?
அந்த ஆளின் நம்பர் எனக்கு வேண்டும்.

அப்புறம் பறக்கிறவன் படம். ஐந்தாம் பாகம்.
முந்தைய நாலையும் பார்க்காதது என் குற்றமாம்,
டிக்கெட் கிழிக்கும் பிரெக்கன் கோபித்துக்கொண்டான்.
கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்
வானமேறி மூன்று கிரகம் பிடித்தான்.
சரி, பிடிக்கட்டும்.
ஆனால் அவன் இறங்குகிற விதம் இருக்கிறதே,
இரண்டு குதிகாலும் முகட்டில், தொப்பென்று!
முதல் மழைக்கே ஒழுகும்.
கீழே யாரோ நடுராத்திரி எழுந்து
பாத்திரம் தேடுவார்கள்.
உலகத்தைக் காப்பாற்றியவனுக்கு
அதெல்லாம் தெரியாது.

கல்யாணக் காமெடியில் இரண்டு முறை சிரித்தேன்.
மீதி நேரம் தூங்கினேன்.
நல்ல தூக்கம், குறை சொல்ல மாட்டேன்.

தொலைந்துபோன வாளியைப் பற்றி ஒரு கார்ட்டூன்.
யாருடைய பிறந்தநாள் கூட்டத்துக்கோ நடுவில்
முழங்காலெல்லாம் தாரோடு தனியாக ஒரு ஆம்பளை.
ஒரு தாய் பிள்ளையை இழுத்து
இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.
கடைசியில் வாளி தன் கைப்பிடியைக் கண்டுபிடித்தபோது
அந்தப் பிள்ளை எட்டி எட்டிப் பார்த்தது
திரையை அல்ல, என்னை.
ஆரினிடம் சொல்லிவிடாதீர்கள்.
திங்கள் முதல் வெள்ளிவரை
அவனோடு ஒரே கூரையில் நிற்க வேண்டியவன் நான்.

ஜூலையில் சூறாவளிப் படம் வந்தது.
எங்களுக்கே சூறாவளி காட்டுகிறார்கள்!
அரங்கு நிறைந்திருந்தது, குறை கண்டுபிடிக்க.
“வானம் பச்சையாகணும், பச்சை!” என்று
மூன்றாம் வரிசையிலிருந்து வோண்டா ப்ரூயிட் கத்தினாள்.
“இந்த மாடு விஸ்கான்சின் மாடு” என்றது இன்னொரு குரல்.
படத்தில் சங்கு ஊதியது.
ஊதிக்கொண்டே இருந்தது.
நல்ல ஒலியமைப்பு என்று நினைத்தேன்.
விளக்கைப் போட்டுக்கொண்டு பிரெக்கன் ஓடி வந்தான்:
“அது படம் இல்லை!”

கழிப்பறைக்குப் போகும் நடையில்
அறுபது பேர் சுவரோடு சுவராக,
பாப்கார்னை மட்டும் யாரும் விட்டுவிட்டு வரவில்லை.
தலைக்குமேல் ஆலங்கட்டி.
முதலில் பட்டாணி, பிறகு கோலி,
பிறகு, சத்தத்தை வைத்தே சொல்வேன், முட்டை.
எல்லாரும் கார் கண்ணாடிக்காகக் கும்பிட்டார்கள்.
நானும் தலை குனிந்துகொண்டேன்,
முகம் தெரியக் கூடாதே.
முட்டையளவு ஆலங்கட்டி என்றால்
எனக்கு நவம்பர்வரை சோறு.
அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை
எந்தப் படத்தில் வில்லனுக்குக் கொடுத்திருந்தாலும்
நம்பியிருக்க மாட்டேன்.

அதற்குப்பின் ஒரு செவ்வாய்க்கிழமையும் கிடைக்கவில்லை.
இன்று வோண்டா வீட்டுக் கூரையில் இருக்கிறேன்.
இலவச டிக்கெட்டில் மறுபடி போய்
முடிவைப் பார்த்துவிட்டாளாம்.
ஏணியடியில் நின்று முழுக்கச் சொல்கிறாள்:
ஊரே போய்விட்டது,
ஒரு களஞ்சியம் மட்டும் அப்படியே நின்றதாம்,
கூரையில் ஒரு கீறல்கூட இல்லாமல்.

வாயில் நாலு ஆணி இருந்ததால்
பதில் சொல்லவில்லை.