தவிசாளர் செய்தி: தமிழ்ப் பிரதி

ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான்.
நாமா, நாங்களா என்று பிரிப்பது
ஸ்ரான்லி வீதி மேல்மாடியில்
பக்கத்துக்கு எண்ணூறு ரூபாய் வாங்கும் என் பாடு.

முன்பெல்லாம் சிக்கலில்லை.
'நாங்கள் நண்டு ஏற்றுமதியில்
பதினெட்டு வீதம் வளர்ந்தோம்.'
கூட்டாண்மைச் சமூகப் பொறுப்புக்கு அரைப் பக்கம்:
ஒரு பாடசாலை, ஒரு தண்ணீர்த் தாங்கி,
தாங்கியைவிடப் பெரிய பெயர்ப்பலகை.

பெருந்தொற்று வருசம்
அந்த அரைப் பக்கம் பதினொரு பக்கமானது.
முகக்கவசத்துக்குப் பின்னால் புன்னகைகள்
(புன்னகை என்று படக்குறிப்புத்தான் சொன்னது).
கொழும்பிலிருந்து ஒரு குறிப்பும் வந்தது:
இம்முறை 'நாம்' என்று போடவும்.
நாம் இழந்தோம். நாம் தாங்கினோம்.
போட்டேன்.

பிறகு பெற்றோல் இல்லாத வருசம்.
பதின்மூன்று மணித்தியால மின்வெட்டில்
'மீண்டெழும் திறன்' என்று ஒன்பது இடத்தில் எழுதினேன்.
'நிலைபேறு' என்ற சொல்லின் மேல்
மெழுகுதிரி சொட்டி, சுரண்டி எடுக்கவேண்டியிருந்தது.

உலருணவுப் பொதியை மார்போடு அணைத்து
படத்தில் நின்றவள் யுஸ்ரினா.
குருநகர். நண்டுச் சதை பிரிக்கும் பகுதி.
எட்டாம் பக்கத்தில் அவள் 'பயனாளி'.
இருபத்தாறாம் பக்கத்து அட்டவணையில்
'ஆளணி மீளமைப்பு: 41'.
அதற்குள்ளும் அவள்தான்.
படம் எடுத்தது செவ்வாய். கடிதம் கொடுத்தது வெள்ளி.

கடிதத்தையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.
அதற்கு ஒருவரும் குறிப்பு அனுப்பவில்லை.
'வருந்துகிறோம்' என்று முடிகிற வாக்கியத்தில்
எழுவாயை விட்டுவிட்டேன்.
தமிழ் அதை அனுமதிக்கும்.

இப்போது எங்கோ ஒரு யுத்தம்,
கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகின்றனவாம்.
புது வரைவு வந்திருக்கிறது.
முதற் பக்கத்தில் தவிசாளரின் கவலை,
கையெழுத்தோடு.
லாபம் எழுபதாம் பக்கத்தில், சிறிய எழுத்தில்,
சுகமாக இருக்கிறது.

நேற்று பாண் கடையில் யுஸ்ரினாவைக் கண்டேன்.
விலையைக் கேட்டு
ஒரு றாத்தலை அரை றாத்தலாக்கிக்கொண்டு
'நாங்கள் என்ன செய்யிறது, தம்பி' என்றாள்.
இங்கே பேச்சில்
நாமுக்கும் நாங்கள்தான்.
அதற்குள் நான் இருந்தேனா என்று
கேட்க வாய் வரவில்லை.

வரைவின் முதற் சொல் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.
வெள்ளிக்கு முன் அனுப்பவேண்டும்.