பாசிமணித் தட்டு

கார்த்திகையில் ஒரு புதன். மல்லாவி.
மாடுகளுக்குக் காதுத்தோடு குத்தி முடிந்த மத்தியானம்
உமிச் சாக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு
பூனை வந்தது.

பெயர் சில்வண்டு. வயது பதின்மூன்று.
கொண்டுவந்தவர் வாட்டர் பம்ப் திருத்தும் அருட்செல்வம்.
"மூண்டு நேரமும் திங்குது டொக்டர்,
பக்கத்து வீட்டு மீன்தலையும் இதுக்குத்தான்.
பிறகேன் முதுகெலும்பை எண்ணக் கிடக்குது?"

தொண்டையின் இரு கரையும் விரலால் தடவினேன்.
இடப்பக்கம் ஒரு பயற்றங்கொட்டை
வழுகி, ஒளித்து, திரும்ப வந்தது.
நெஞ்சுக்குள் எண்ணிக்கை தப்புகிற ஓட்டம்.
தைரொயிட் என்றேன்.
குளிசை உண்டு, மனிசர் போடுகிற அதே குளிசை.

சிறுநீரகம்?
கேட்டது அவர்.

இரத்தக் கடதாசியை விரித்தேன். கிரியேட்டினின் அளவுக்குள்தான்.
அவர் முகம் இளகவில்லை.
சட்டைப் பையிலிருந்து தன் கிளினிக் கொப்பியை எடுத்தார்:
வவுனியா, மாதம் ஒருக்கா, மூன்று வருடத்து முத்திரைகள்.
"மெலிஞ்ச உடம்பில அந்த நம்பர் குறைச்சுத்தானே காட்டும்?
தசை இருந்தாத்தானே அது வரும்."
பேராதனையில் நான் பரீட்சைக்குப் பாடமாக்கிய வரி
அவர் கொப்பியின் ஓரத்தில்
நீல மையில் கிடந்தது.

"முழு விசையில ஓடுற மிசினில
உள்ளுக்குத் தேஞ்சது தெரியாது டொக்டர்.
தண்ணி அடிச்சுக்கொண்டுதான் நிக்கும்.
விசையைக் குறைக்கேக்கதான்
கடைசி வரம்பு காயும்."

விடியற்காலை மூத்திரம் வேணும் என்றேன்.
மண்ணில் பெய்தால் மண் குடித்துவிடும்.
மறுநாள் அவர் தட்டில் மண் இல்லை,
மகளின் அறுந்த மாலைகள்,
கழுவிக் காயவிட்ட பிளாஸ்ரிக் மணிகள்,
சிவப்பு, பச்சை, உரிந்த வெள்ளி.
இரவு முழுக்க அதைக் கிலுக்கித் திரிந்துவிட்டு
நாலு மணிக்குத்தான் மனம் வந்ததாம் சில்வண்டுக்கு.

ஒரு துளி, கண்ணாடியில்.
யன்னல் வெளிச்சத்தைப் பார்த்து ஒற்றைக் கண்ணை மூடினேன்.
நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு
நிற்கவேண்டிய இடத்துக்குக் கீழே நின்றது.
ஆனால் தைரொயிட்டும் நீரை ஐதாக்கும்.
எதனால் என்று சொல்லக்
கோட்டுக்கு வாயில்லை.

இன்னொரு குழாய் இரத்தம் கொழும்புக்கு,
தசையைப் பாராத வேறொரு சோதனைக்கு.
மாங்குளம் சந்தியில் ரெஜிபோம் பெட்டியை வாங்கிய கொண்டக்டர்
"மீனோ?" என்றார்.
"பூனை ரத்தம்."
கையை ஒருதரம் காற்சட்டையில் துடைத்துவிட்டு
சாரதியின் காலடியில் வைத்தார்.

குளிசையைச் சிறு துண்டில் தொடங்கினோம்.
நாலு கிழமையில் நெஞ்சு எண்ணக்கூடியதாயிற்று.
முதுகில் கொஞ்சம் சதை.
கொழும்புக் கடதாசியில் லேசாய்த் தெரிந்தது
இப்போது எங்கள் கடதாசியிலும், ஒரு படி ஏறி.

குளிசை செய்த கேடோ என்று கேட்பார் என
விடை ஆயத்தமாய் வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு:
"வெள்ளெனப் பிடிச்சிட்டமோ?"
ஓம் என்றேன். முழுப் பொய்யில்லை.

"நான் குடிக்கிற வடிகட்டின தண்ணிதான் இப்ப இதுக்கும்.
கிணத்துத் தண்ணி வைக்கிறேல்ல."
பூனைக்கு அது எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியாது.
சொல்லவில்லை.

அடுத்த திகதி, புதன் என்று எழுதினேன்.
"அண்டைக்கு எனக்கு வவுனியா."
வெட்டி, வியாழன் போட்டேன்.