ஆறாவது பங்கு

குறிகட்டுவான் இறங்குதுறையில்
பிஸ்கட் பெட்டி மட்டையில் கணக்கு.
வான் வாடகை, டீசல் தனி,
நெடுந்தீவில் நண்டுக்கறிச் சோறு ஐந்து.

"நண்டு எனக்குச் சேராது, கழி" என்கிறான் தயாபரன்.
"திண்டதைக் கடல் திருப்பி வாங்கீட்டுது,
எனக்கும் கழி"
முகம் இன்னும் வெளிறிய றொக்சன்.

எத்தனை தரம் கூட்டியும்
இரண்டாயிரம் மிஞ்சி நிற்கிறது.

அது அருள்நேசன் போன கிழமையே தந்தது.
கராஜில் லீவு கிடைக்கேல்லை.
காசு மட்டும் எங்களோடு படகேறி
குதிரை பார்த்து வந்திருக்கிறது.

"திருப்பிக் குடுப்பம்."
"வாங்கமாட்டான்."
"அப்ப?"

ஈரத் துவாய்கள் குவிந்த சீற்றை
ஒருத்தரும் பார்க்கவில்லை.

புங்குடுதீவுத் தாம்போதியில் வான் ஏற
போன் அடிக்கிறது.
பின்னால் சுத்தியல் சத்தம்.
"மச்சான், என்ர பங்கு காணுமோ?
இன்னும் தரவேணுமோ?"