இரண்டு பதினேழு

சர்வர் தன்னைத்தானே திருத்திக்கொண்டது
இரவு இரண்டு பதினேழுக்கு.
யாரும் சொல்லவில்லை.
இல்லை, நான்தான் சொன்னேன், போன ஆவணியில்,
பர்கூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வைரஸ் புகுந்து
கணக்கையெல்லாம் பூட்டிப் பணம் கேட்ட வாரம்.
ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தேன்.
பத்து மாதம் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது ஆனி.
காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலை வாசலில்
முப்பத்தோரு லாரி.
பெங்களூரா, பெங்களூரா, பெங்களூரா,
நடுவில் வழி தவறியது போல ஒரு வண்டி அல்போன்சா.
எடைமேடைக்கும் சர்வருக்கும் நடுவே
பதினோரு வருடம் பேசிக்கொண்டிருந்த ஒயரை
புதுப் பதிப்புக்கு அடையாளம் தெரியவில்லை.
திரையில் பச்சை எழுத்து:
வெற்றிகரமாக முடிந்தது.

கேட்டிலிருந்து நாகரத்னா கத்துகிறாள்:
"சார், வண்டி மேல நிக்குது, ஜீரோ காட்டுது!"
பன்னிரண்டு டன் ஜீரோ.

பழையதற்குத் திரும்பலாம் என்று பார்த்தால்
இடம் போதவில்லை என்று பழையதை
அதுவே அழித்து வைத்திருக்கிறது.
பெங்களூர்க்காரர் போனை எடுக்கவில்லை.
ஹைதராபாத்காரர் எடுத்தார்:
"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

பதினொரு மணி வெயிலில் காம்புகளில் பால் வடிகிறது.
ஆலையில் குளிர்ந்திருப்பது சர்வர் அறை ஒன்றுதான்.
திம்மராயன் கதவைத் தள்ளி உள்ளே வந்து நின்றார்.
சொந்தத் தோப்புக் காய், ராத்திரியிலிருந்து வரிசையில்.
"நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்கு சார் தொட்டீங்க?"
நான் தொடலைங்க.
"அப்ப யாரு?"
விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

கடைசியில் ஸ்டோரில் சாக்குக்கடியில் ஒரு லேப்டாப்.
நெட்டையே பார்த்திராதது, தேதி கூடத் தப்பு,
'எஃப்' எழுத்துக்குப் பொத்தான் இல்லை.
ஒயரைச் செருகியதும்
ஏதோ நேற்று விட்ட பேச்சைத் தொடர்வது போல
எண்கள் வந்தன.

திம்மராயன் வண்டி: 12,255.
அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்
வேலம்பட்டியில் போட்ட சீட்டு: 12,340.
எண்பத்தைந்து கிலோ
வாசலில் நின்றே காற்றோடு போயிருக்கிறது.
அதற்கு எந்த மென்பொருளிலும் கட்டம் இல்லை.

பிரிண்டரும் அன்றைக்கு வேலை செய்யாததால்
பேரேட்டில் கையால்தான் எழுத வேண்டியிருந்தது.
லேப்டாப்பை ஒரு தடவை பார்த்தேன்.
12,340 என்று எழுதினேன்.
நாகரத்னா பார்த்தாள், அடுத்த வண்டிக்கு விசில் ஊதினாள்.
பேனா எதையும் கேட்கவில்லை.