எத்தனை?

முதலில் வலப்பக்கம், பிறகு எதிரே, பிறகு இடப்பக்கம்.
ஒவ்வொரு முறையும் மூன்று காய், முகம் கவிழ்த்து.
ஜோக்கரை மட்டும் தள்ளிவிடக் கூடாது.
ஒரே ஒரு முறை அதைச் செய்தவள்
லொரெய்ன் ஃபெல்ட்ஸ்டைன்.
அவள் அரிசோனாவுக்குக் குடிபோய்ப் பதினோரு வருடம் ஆகிறது.
இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறோம்.

ஷேக்கர் ஹைட்ஸில் வியாழன் மதியம் ஒன்றரை.
ஏரிப்பக்கமிருந்து வந்த பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருக்கிறது.
நாலு பேர், ஒரு மடக்கு மேசை,
மாக்ஸின் கொண்டுவரும் உப்பு பிஸ்கட்,
உடம்புக்கு நல்லதென்று வெட்டிவைத்து
யாரும் தொடாத செலரித் தண்டுகள்.

எனக்கு எதிரே எஸ்டெல் வாக்ஸ்மன்.
பதினாறு வருடமாக எதிரே.
பேச்சுவார்த்தை கிடையாது.
காரணம் கேட்காதீர்கள். கேட்டால்
நான் ஒன்று சொல்வேன், அவள் ஒன்று சொல்வாள்.
நடுவில் ஒரு விளக்குக் கடை இருக்கிறது,
எங்கள் கணவர்கள் கூட்டாக நடத்தி, விற்று,
கணக்கு மட்டும் தீராத கடை.

ஆனாலும் ஆட்டத்துக்குக் கொஞ்சம் பேச்சு வேண்டும்.
இரண்டாவது சுற்று மாற்றத்தை எவளாவது நிறுத்துவாள்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை, சொல்கிறவள் பொய் சொல்கிறாள்,
அதன்பின் எதிரெதிரே இருப்பவர்கள்
கடைசியாக ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.
மரியாதை மாற்றம் என்று பெயர்.
எத்தனை என்று கேட்க வேண்டும். மூன்றுவரை போகலாம்.
குறைத்துச் சொல்கிறவள் சொன்னதே எண்ணிக்கை.

பதினாறு வருடத்தில் எஸ்டெல் என்னிடம் சொன்னவை:
எத்தனை.
ஒன்று.
வேண்டாம்.
வாரத்துக்கு ஐந்தாறு ஆட்டம், பெருக்கிப் பாருங்கள்.
சில கல்யாணங்களில் இவ்வளவு பேச்சு நடப்பதில்லை.

இன்று நான் திறந்து வைத்திருந்தேன்
மூன்று ஐந்தாம் மூங்கில், கூடவே ஒரு ஜோக்கர்.
நாலாவது ஐந்தாம் மூங்கில் எஸ்டெலிடம்.
முறை என்னவென்றால், அவள் தன் காயை நீட்ட வேண்டும்,
நான் ஜோக்கரை எடுத்துத் தர வேண்டும்.
அடுத்தவள் தாங்கியில் கை வைப்பது
அடுத்தவள் கைப்பைக்குள் கை விடுவது.

நீட்டினாள்.

என் வலது கையில் ஆகஸ்டிலிருந்து ஒரு நடுக்கம்.
டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார்,
நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
விரல் ஜோக்கரைத் தொட்டது. நழுவியது.
பக்கத்து மூங்கில் சாய்ந்தது, அதன் பக்கத்ததும்.
மாக்ஸின் மெல்லுவதை நிறுத்தினாள்.
உதவ எழுந்தது ரோவீனாவின் கை.
எஸ்டெல் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்,
கை மடிக்குத் திரும்பிப் போனது.
பிறகு மேசை நடுவில் காயை நீட்டியபடியே
ஒரு நிமிஷமோ, அதற்கு மேலுமோ,
சுங்கச்சாவடியில் மீதிச் சில்லறைக்கு நிற்பவள் போல
கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு
அப்படியே இருந்தாள்.

எடுத்தேன். கொடுத்தேன்.
நன்றி சொல்லவில்லை, விதியில் அது இல்லை.
நாலு முறை சுற்றி வருவதற்குள்
என் ஜோக்கரைக் கொண்டே ஜெயித்தாள்.
இருபத்தைந்து சென்ட்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

அடுத்த ஆட்டம். வலம், எதிர், இடம்.
எனக்கு வேண்டாத காய் ஒன்றே ஒன்று.
"எத்தனை?" என்றாள்.
மூன்று என்றேன்.
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.
தன் காய்களைப் பார்த்தாள்.
"இரண்டு."

கொடுத்ததில் ஒன்று எனக்கு வேண்டிய சிவப்பு டிராகன்.
வந்த இரண்டும் எதற்கும் உதவவில்லை.