ஆறாவது கட்டம்

மூதூரில் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்.
பள்ளிக்கூட மேசைக்கு ஒரு கால் குட்டை,
ஓட்டுத் துண்டு வைத்து நிமிர்த்தி
படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
பெயர். அடையாள அட்டை. கிராம சேவகர் பிரிவு.
வீட்டில் எத்தனை பேர். பால்மா வேணுமா.
ஆறாவது கட்டம்: மதம்.

யார் அச்சடித்ததோ.
அரிசிக்கு எதற்கு மதமென்று
நிஸாம்தீன் மௌலவி போன கூட்டத்திலேயே கேட்டவர்.

உவர்மலையில் எங்கள் கூட்டம், மாதத்தின் இரண்டாம் புதன்.
குருக்களுக்குச் சீனியில்லாத தேத்தண்ணி,
எமில் பாதருக்கு மூன்று கரண்டி,
ஹாமுதுருவுக்கு மத்தியானம் தாண்டினால் பால் ஆகாது.
ஒலிபெருக்கிச் சத்தத்தைக் குறைப்பதுபற்றி
ஒன்றரை மணித்தியாலம் சத்தம் போடுவோம்.
நான் குறிப்பு எழுதுவேன்.
ஒருமுறை வாசலில் ஒட்டிய அறிவித்தலை
'நல்லிணக்கம்' வரைக்கும் ஒரு மான் தின்றுவிட்டுப் போனது.
இந்த ஊர் மான்கள் அப்படித்தான், பசை ருசிக்குத் தின்னும்.
அன்றைக்குத்தான் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம்.

வரிசையில், வெருகல் பக்கத்து மனிசி ஒருத்தி
பையைத் தொடாமல் நின்றாள்.
"முதல்ல என்ன சொல்ல வேணும்?"
எனக்கு விளங்கவில்லை.
போன வெள்ளத்தில் அரிசியோடு ஒரு புத்தகமும் வந்ததாம்,
கண்ணை மூடச் சொன்னார்களாம்.
"பிள்ளையளுக்குப் பசி. மூடினன்.
அரிசி முடிஞ்சுது. மூடினது முடியேல்ல."
ஒன்றும் சொல்ல வேண்டாம் அக்கா என்றேன்.
நம்பவில்லை.
கையெழுத்து வைக்கிற இடத்தைக்கூட
இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் ஏழாவது ஆள்
என் தங்கச்சி.

நாலு வருஷம்.

பெயர் கேட்காமல் எழுதினேன், யசோதினி.
பிறந்த திகதி எனக்குப் பாடம்.
அவள் நகங்களில் சேறு காய்ந்திருந்தது.
ஆறாவது கட்டத்தில் பேனை நின்றது.

இவள் மாறினபோது வீட்டில் காரணம் தேடினோம்.
பொடியன் ஒருத்தன் இருப்பான் என்றார் அப்பா. இல்லை.
காசு குடுத்திருப்பாங்கள் என்றான் தம்பி. அதுவும் இல்லை.
தலையில் ஏதோ கோளாறென்று
கண்டிக்கு டொக்டரிடம் கொண்டுபோனவள் நான்.
டொக்டர் கொஞ்சநேரம் என்னைத்தான் பார்த்தார்.
காரணத்தை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.
எத்தனை புதன் எழுதியிருப்பேன்
மனச்சாட்சி, மனச்சாட்சி என்று,
ஒற்றுப் பிழைக்காமல்.

"எழுதுங்கோ" என்றாள்.
"என்னெண்டு?"
"உங்களுக்குத் தெரியும்தானே."

சொல் தெரியும்.
அந்தச் சொல்லுக்குள் இவள் எப்படிக் குடியிருக்கிறாள்,
எத்தனை மணிக்கு எழும்புகிறாள்,
எந்தப் பக்கம் பார்த்து அழுகிறாள்,
தெரியாது.

"தண்ணி கட்டிலுக்கு ஏறின இரவு
ஆரைக் கூப்பிட்டனி?"
கேட்டுவிட்டேன். வரிசை நின்றது.
பின்னால் யாரோ இருமினார்.

இரண்டு பெயர் சொன்னாள்.
ஒன்று என்னுடையது.
மற்றதை இங்கே எழுதமாட்டேன்,
அது அவளுடையது.

அரிசி ஐந்து கிலோ, பருப்பு இரண்டு.
"ரின்மீன் எடுக்கலாமா நீ? உங்கட..."
என்று இழுத்தேன்.
"எடுக்கலாம். எனக்குப் பிடிக்காது.
சின்னனிலயும் பிடிக்காதே, மறந்திட்டீங்களோ?"

மறந்துதான் விட்டேன்.

அன்று மிச்சப் பேரிடமும் அந்தக் கட்டத்தைக் கேட்கவில்லை.
கச்சேரியிலிருந்து நூற்றுப் பதினெட்டுப் படிவம்
சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது.
பேசப் போனோம்.
மௌலவியும் குருக்களும் என்னோடு ஒரே முச்சக்கரவண்டியில்,
வழி முழுக்க
ஒலிபெருக்கிக்குச் சண்டை பிடித்தபடி.